எந்த ஊசி, எவருக்குக் கட்டாயம்?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் பணியாற்றுகிறேன். அண்மையில் நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், குழந்தைகளுக்கான எல்லாத் தடுப்பூசிகளையும் சட்டப்படி கட்டாயமாக்கக் கோரி அமைச்சுக்குக் கடிதம் அனுப்பலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். ஏறத்தாழ எல்லாரும் கையுயர்த்தினார்கள். என் பிள்ளைகளுக்கு அட்டவணைப்படி எல்லா ஊசியும் போட்டிருக்கிறேன். ஆயினும் நான் கையுயர்த்தவில்லை. 2021இல், கோவிட் ஊசி போடாவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று என் கணவரிடம் சொன்ன விதம் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. "நீங்களே இப்படியா டீச்சர்?" என்று சிலர் கேட்டார்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த காணொளியைப் பார்த்துப் பயந்து, பள்ளி ஊசிக்கான படிவத்தில் கையெழுத்திடாத இரண்டு மூன்று பெற்றோரும் அங்கே இருந்தார்கள். அவர்கள் வாயே திறக்கவில்லை. பெரும்பான்மையினர் விரும்பினால் கட்டாயமாக்கிவிடலாமா? உடல் அவரவருடையது என்று விட்டுவிட வேண்டுமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டுத் தீர்மானத்துக்குக் கையுயர்த்தாமல் இருந்ததில் முரண்பாடு ஏதுமில்லை. தடுப்பூசி நல்லதா என்பது மருத்துவம் விடை சொல்லவேண்டிய கேள்வி. அதை மறுப்பவர்மீது அரசு எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்பது நாமெல்லாரும் சேர்ந்து விடை சொல்லவேண்டிய கேள்வி. ஆனால் அந்தக் கூட்டத்தில் நான் இருந்திருந்தால், தீர்மானத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் கையுயர்த்தியிருப்பேன்.

அந்தப் பகுதி தட்டம்மை. நோய்த்தடுப்பு இல்லாதவர்களிடையே தட்டம்மை கண்ட ஒருவர் 12 முதல் 18 பேர்வரை தொற்றவைக்கக்கூடும். அவர் அறையைவிட்டு வெளியேறிய பின்னும் கிருமி காற்றில் இரண்டு மணி நேரம்வரை தங்கியிருக்கும். நம் மலேசிய அட்டவணைப்படி இதற்கான முதல் ஊசி 9 மாதத்திலும் இரண்டாவது 12 மாதத்திலும் போடப்படுகின்றன. ஆகவே 9 மாதம் நிறையாத ஒரு கைக்குழந்தைக்கும், புற்றுநோய் மருத்துவத்தால் எதிர்ப்பாற்றல் குன்றிய ஒரு பிள்ளைக்கும், சுற்றியிருப்பவர்கள் ஊசி போட்டுக்கொண்டிருப்பதைத் தவிர வேறு காப்பு இல்லை. நூற்றுக்கு 95 பேராவது காப்புப் பெற்றிருந்தால்தான் அந்த வேலி நிற்கும். இங்கே ஒரு பெற்றோரின் மறுப்பு அவருடைய பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை. உங்கள் பாலர் வகுப்பு மாணவன் வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் தம்பிவரை அது போகிறது. அந்தத் தம்பியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. உடல் அவரவருடையது என்ற வாதம், இன்னோர் உடலைத் தொடும் இடத்தில் தன் முழு வலிமையையும் வைத்திருக்க முடியாது.

மூச்சுவழி பரவும் தொண்டை அடைப்பானையும் (டிப்தீரியா) இதே கணக்கில் சேர்ப்பேன். 2016இல் கெடாவிலும் மலாக்காவிலும் அந்நோயால் குழந்தைகள் இறந்ததை நம்மில் பலர் மறந்துவிட்டோம். மறுபுறம், 13 வயது மாணவியருக்குப் போடப்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 முதல் நம் பள்ளிகளில் போடப்படும் அது மிக நல்ல ஊசி. என் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் போடச் சொல்லி வற்புறுத்துவேன். ஆனால் வகுப்பில் பக்கத்தில் உட்காருவதால் பரவாத ஒரு கிருமிக்காகச் சட்டத்தின் கோலை எடுக்கச் சொல்லமாட்டேன். பொறுமையாக எடுத்துச் சொல்லி இணங்கவைப்பதே அங்கே முறை. (நடைமுறையில் இந்தப் பாகுபாடு இவ்வளவு துல்லியமாக நிற்காது என்பதும் உண்மை. 2 மாதக் குழந்தைக்குப் போடும் ஒரே ஊசியில், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாத டெட்டனஸ் உட்பட ஆறு நோய்களுக்கான காப்பு இருக்கிறது.) எல்லைக்கு அப்பால் சிங்கப்பூரைப் பாருங்கள். கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன அந்த நாடே குழந்தைகளுக்குச் சட்டப்படி கட்டாயமாக்கியிருப்பது தொண்டை அடைப்பானுக்கும் தட்டம்மைக்கும் உரிய ஊசிகளை மட்டுமே. "எல்லா ஊசியும்" என்று எழுதிய உங்கள் கூட்டத்தார் சிங்கப்பூரையும் தாண்டிப் போய்விட்டார்கள்.

உங்கள் கணவருக்கு நேர்ந்ததை இந்த அளவுகோலால் பார்க்கவேண்டும். கோவிட் ஊசியைக் கட்டாயமாக்கும் சட்டம் எதையும் நம் அரசு இயற்றவில்லை. ஆனால் 2021 நவம்பர் 1க்குள் ஊசி போட்டிருக்கவேண்டும் என்று கூட்டரசுப் பொதுச்சேவை ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை வந்தது. உணவகத்தில் உட்காரவும் கடைத்தொகுதியில் நுழையவும் ஊசிச் சான்று இருந்த மைசெஜாத்தெரா செயலியைக் காட்டவேண்டியிருந்தது. தனியார் முதலாளிகள் பலர் தாங்களும் ஒரு விதியை எழுதிக்கொண்டார்கள். அந்த ஊசி பல்லாயிரம் உயிர்களைக் காத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது நோயின் கடுமையையும் இறப்பையும் குறைத்த அளவுக்குப் பரவலைத் தடுக்கவில்லை. ஒமிக்ரோன் வந்தபின் இந்த இடைவெளி எல்லாருக்கும் தெரிந்தது. ஆகவே "பிறரைக் காக்கவே உன்னைக் கட்டாயப்படுத்துகிறேன்" என்ற வாதம் தட்டம்மையில் நிற்பதுபோல் அங்கே நிற்கவில்லை. 2022 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போனது: எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, பொதுநலன் கருதி அரசு கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் அவை ஆபத்தின் அளவுக்கு ஏற்றவையாக இருக்கவேண்டும் என்றது. சட்டம் எழுதாமல், விவாதிக்காமல், சோற்றைக் காட்டிப் பணியவைப்பது வெளிப்படையான கட்டாயத்தைவிட மோசமானது என்பது என் எண்ணம். சட்டம் என்றால் நாடாளுமன்றத்தில் ஒருவர் பதில் சொல்லவேண்டும். மேற்பார்வையாளரின் வாய்மொழிக்கு யார் பதில் சொல்வது?

நம் மக்களுக்கு இது புதிதுமல்ல. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் கப்பலேறுமுன் நம் முன்னோருக்கு அம்மை குத்தினார்கள். அதை வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவர்கள் இல்லை. பின்னர் தோட்டத்தில் டிரெசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) சொன்னால் வரிசையில் நின்றார்கள். அதே வரிசையில் நின்றவர்கள்தான் வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். இரண்டும் அவர்களுக்கு ஒன்றையொன்று தடுக்கவில்லை. பெரியம்மை 1980இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதில் கட்டாயத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் கேட்காமலே குத்தப்பட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகள் "ஏன்" என்று கேட்கும்போது அதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

பெரும்பான்மை பற்றிக் கேட்டீர்கள். பெரும்பான்மையினர் ஒரு விதியை வகுக்கலாம். ஆனால் உயர்ந்த கைகளைப் பார்த்து வாயடைத்துப் போன அந்த இரண்டு மூன்று பெற்றோர், தங்கள் கேள்விகளை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடியும் புலனத்திடம்தான் கேட்பார்கள். ஆட்டிசப் பயத்தின் வேர், 1998இல் ஓர் ஆங்கில மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து வெளியிட்ட கட்டுரை. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப்பெற்றது. அவர் மருத்துவர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வு 6 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, தட்டம்மை ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று கண்டது. இதைச் சொல்லும்போது சங்கடமான உண்மைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் 3 மாதக் குழந்தைக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது. 1992க்குப் பிறகு நாட்டில் அதுவே முதல் சம்பவம். அந்தக் கிருமி, சொட்டு மருந்தில் இருந்த வலுவிழந்த வைரஸ் உருமாறியதால் வந்தது. எதிர்ப்பாளர்கள் இதுவரை சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். ஊசியும் சொட்டும் பெறாதவர்கள் மிகுந்த இடத்தில் நெடுங்காலம் சுற்றினால்தான் அது அப்படி உருமாற முடியும் என்பதையும் நாம் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தண்டனை எந்த வடிவில் வரும் என்பதையும் உங்கள் கூட்டத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இங்கிலாந்து 1853இல் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. வசதியுள்ளவர் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போனார். கட்ட முடியாத தொழிலாளியின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள், அவரைச் சிறைக்கும் அனுப்பினார்கள். 1885இல் அதை எதிர்த்து லெஸ்டர் நகரில் பெருங்கூட்டம் திரண்டது. 1898இல் மனச்சான்றின்படி மறுப்பவருக்கு விலக்கு அளிக்கவேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் அபராதம் வந்தால், தனியார் மருத்துவரிடம் போகும் ஈப்போ வீட்டைவிடச் செம்பனைத் தோட்டத்து வீட்டில்தான் அது வலிக்கும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பேருந்து வராத சாலையில் மோட்டார் சைக்கிளில் கைக்குழந்தையோடு கிளினிக்குக்குப் போகவேண்டிய தாய் ஒரு தவணையைத் தவறவிட்டால், அதை மறுப்பு என்று எழுதக் கூடாது. 2019இல் கிளந்தானின் குவாலா கோ கிராமத்தில் பத்தேக் பழங்குடியினரிடையே தட்டம்மை பரவி உயிர்கள் போனபோது, அங்கே இருந்தது ஊசிக்கு எதிரான கொள்கை அல்ல. ஊசி போதிய அளவு போய்ச்சேரவில்லை. பிறப்புப் பத்திரச் சிக்கலால் குடியுரிமையின்றி வளரும் நம் பிள்ளைகளுக்கோ கட்டணமும் ஆவணமும் தடையாக நிற்கின்றன. அவர்களைச் சட்டம் கட்டாயப்படுத்துமுன், அவர்களுக்கும் ஊசி இலவசமாகக் கிடைக்கவேண்டும்.

கடிதம் இன்னும் அனுப்பப்படவில்லை என்றால், அடுத்த கூட்டத்தில் ஒரு திருத்தத்தை முன்மொழியுங்கள். "எல்லா ஊசியும்" என்பதை எடுத்துவிட்டு, குழந்தைகள் காப்பகத்திலும் பள்ளியிலும் சேருமுன் தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் காப்புப் பெற்றிருக்கவேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். மருத்துவக் காரணத்துக்கு விலக்கு, தவறவிட்டவருக்கு அபராதத்துக்குப் பதில் பள்ளியிலேயே ஊசி, ஆவணமற்ற பிள்ளைக்கும் இலவசம் என்பவை அதே கடிதத்தில் இருக்கவேண்டும். கோவிட் ஊசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு 5 இலட்சம் ரிங்கிட்வரை உதவி அறிவித்ததே, அதுபோன்ற இழப்பீட்டைக் குழந்தைகளின் ஊசிக்கும் நிலையாக வைக்கக் கேளுங்கள். ஒருவரைக் கட்டாயப்படுத்தும் அரசு, அரிதாக நேரும் பாதிப்பையும் தன் கணக்கில் ஏற்கக் கடமைப்பட்டது. வாக்கெடுப்புக்குமுன் மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு தாதியை அழைத்து, கையெழுத்திடாத அந்தப் பெற்றோரின் கேள்விகளுக்கு முதல் அரைமணி நேரத்தை ஒதுக்கச் சொல்லுங்கள். திருத்தம் ஏற்கப்பட்டால் நீங்களும் கையுயர்த்தலாம்.