பால் எங்கே போனது? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: என் மகள் பாலக்காட்டுச் சித்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ நாவல் பாடத்தில் இருக்கிறது. நெப்போலியன் என்ற பன்றி சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலின், ஸ்னோபால் என்ற பன்றி அவர் விரட்டிய ட்ராட்ஸ்கி, பாக்ஸர் குதிரை உழைக்கும் மக்கள் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறாள். அந்தக் கதை இவ்வளவுதானா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

இல்லைங்க. பரீட்சைக்கு அட்டவணை உதவும், படிக்கட்டும். ஆனால் ஸ்டாலின் 1953-ல் செத்துப்போனார், சோவியத் யூனியனே 1991-ல் இல்லாமல் போய்விட்டது, இத்தனைக்கும் பிறகு அந்தக் கதை ஏன் நம் வயிற்றைப் பிசைகிறது என்று மகளிடம் கேளுங்கள்.

இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை அவளோடு உட்கார்ந்து படியுங்கள். பண்ணை மிருகங்கள் எல்லாம் சேர்ந்து முதலாளியைத் துரத்திவிட்டன. பன்றிகள் மாடுகளைக் கறக்கின்றன, ஐந்து வாளிப் பால், நுரை தளும்புகிறது. இதை என்ன செய்வது என்று ஒரு குரல் கேட்கிறது. நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, பாலை விடுங்கள், அறுவடைதான் முக்கியம் என்று எல்லோரையும் வயலுக்கு அனுப்பிவிடுகிறது. சாயங்காலம் வந்து பார்த்தால் பாலைக் காணோம். இன்னும் கொலை இல்லை, வேட்டை நாய் இல்லை. ஆனால் கதை திரும்புகிற இடம், பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தமக்கென்று எடுத்துக்கொண்டதுதான் என்று ஆர்வெல்லே 1946-ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். விடிகாலையில் பால் சொசைட்டி வாசலில் கேனோடு நின்று பழகிய நம் ஊர்ப் பெண்களிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினால், அட்டவணை இல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் அந்தச் சுவர். எந்த மிருகமும் கட்டிலில் தூங்கக் கூடாது என்று, மிருகங்கள் தமக்கான சட்டத்தை எழுதிய சுவர். பன்றிகள் கட்டிலில் படுக்க ஆரம்பித்ததும் குளோவர் என்ற குதிரைக்குச் சந்தேகம் வருகிறது. அதற்கு எழுத்து கூட்டிப் படிக்க வராது, வெள்ளாட்டைக் கூட்டிவந்து படிக்கச் சொல்கிறது. ‘விரிப்புப் போட்ட கட்டிலில் தூங்கக் கூடாது’ என்று இருக்கிறது. விரிப்பு என்ற வார்த்தை முன்னால் இருந்ததாக அதற்கு ஞாபகம் இல்லை. ஆனால் சுவரிலேயே இருக்கிறதே, அப்போது இருந்திருக்கத்தானே வேண்டும்?

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் அம்மா ஞாபகம்தான். மலையாளம் தண்ணீராகப் பேசுவாள், ஆனால் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. ரேஷன் கடை போர்டில் எழுதியிருக்கிற அளவைக் கடைக்காரர்தான் படித்துச் சொல்வார், அவள் வாங்கி வருவாள். மலையாளம் படித்த என் தங்கை ஒருநாள் கூடப் போய் போர்டைச் சத்தமாகப் படித்தாள். மண்ணெண்ணெய் அளவு வேறாக இருந்தது. அம்மா சண்டை போடவில்லை, “எனக்குத்தான் சரியா ஞாபகம் இல்லையோ” என்றாள். குளோவர் நினைத்ததும் ஏறக்குறைய அதையேதான். தன் ஞாபகத்தையே ஒருவர் சந்தேகப்படும்படி செய்வது, ஆட்சி செய்கிறவனுக்கு அடியை விடப் பெரிய ஆயுதம். எல்லைக்கோட்டில் தமிழ், மலையாளம் என்று இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வாழ்கிற நமக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

கேள்வி: நேரடியாகச் சொல்லாமல் ஏன் மிருகங்களுக்குப் பின்னால் ஒளிய வேண்டும்? பயமா?
– வாசகர், வேலந்தாவளம்

பயமும் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. பத்து வயதுப் பையன் ஒருவன் பெரிய வண்டிக்குதிரையைக் குறுகலான பாதையில் அடித்து ஓட்டிப்போனதைப் பார்த்தபோது, இவற்றுக்குத் தங்கள் பலம் தெரிந்தால் நமக்கு அடங்கி நடக்குமா என்று தோன்றியதாகவும், கதை அங்கிருந்துதான் வளர்ந்ததாகவும் ஆர்வெல் 1947-ல் உக்ரைனிய மொழிபெயர்ப்பின் முன்னுரையில் எழுதுகிறார். சோவியத் பற்றிய பொய்யை ஒரு கதையில் அம்பலப்படுத்தும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது, ஆனால் கதைக்கு உருவம் கொடுத்தது அந்தக் குதிரைதான்.

அந்த மறைப்பும் அவரைக் காப்பாற்றவில்லை. போர்க்காலத்தில் ரஷ்யா பிரிட்டனின் கூட்டாளி, அதனால் பல பதிப்பாளர்கள் புத்தகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பன்றி என்பதுதான் ரஷ்யர்களைப் புண்படுத்தும் என்று ஒருவர் எழுதினார். 1945 ஆகஸ்டில்தான் அச்சில் வந்தது.

நம் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. பாலக்காட்டு மண்ணின் மலையாள எழுத்தாளர் ஓ.வி.விஜயன் ‘தர்மபுராணம்’ எழுதி முடித்து, 1975 ஜூலையில் ‘மலையாளநாடு’ வார இதழில் தொடராக வர இருந்தது. ஜூன் 25-ஆம் தேதி நெருக்கடி நிலை வந்தது, தொடர் நின்றது. 1977-ல் நெருக்கடி நிலை போன பிறகே வெளிவந்தது. நாட்டுக்கு வரப்போவதை முன்கூட்டி எழுதிவிட்டு, அது வந்ததாலேயே அச்சேற முடியாமல் போன நாவல். ஆள்பவர் மலம் கழிக்க முட்டுவதில் அது தொடங்குகிறது. பலருக்கு அருவருப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது. அதற்காக மூடி வைக்காதீர்கள். மொத்த நாடும் ஒருவனின் வயிற்றைக் கவனித்துக்கொண்டு நிற்பது அதைவிட அருவருப்பு என்று அவர் காட்ட நினைக்கிறார்.

கேள்வி: ‘விலங்குப் பண்ணை’ கம்யூனிஸ்ட்காரர்களைத் திட்டும் புத்தகம்தானே? எங்கள் வீட்டில் அப்பா கட்சிக்காரர், தொடவே மாட்டேன் என்கிறார்.
– வாசகர், மீனாட்சிபுரம்

அப்பாவிடம் சொல்லுங்கள் தம்பி, ஆர்வெல் ஒரு சோஷலிஸ்ட். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி பிராங்கோவின் படைக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கி, 1937-ல் கழுத்தில் குண்டு வாங்கியவர். கடைசிக் காட்சியில் பன்றிகளும் பண்ணை முதலாளிகளும் ஒரே மேஜையில் சீட்டாடுகிறார்கள், எது பன்றி எது மனிதன் என்று வெளியே நிற்கிற மிருகங்களுக்குத் தெரியவில்லை. முதலாளியை நல்லவனாக்கும் ஒரு வரி அதில் கிடையாது. 1954-ல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் பணத்தில் இதைக் கார்ட்டூன் படமாக எடுத்தபோது அந்த முடிவை மாற்றிவிட்டார்கள். கட்சிக்காக உழைத்தவர்தான் இதை முதலில் படிக்க வேண்டும் என்பேன், பாக்ஸருக்கு நடந்தது அவருக்குத்தான் அதிகம் வலிக்கும்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் மாதக் கூட்டம் நடத்துகிறோம். எந்தப் பகுதியைச் சத்தமாக வாசிக்கலாம்?
– வாசகி, கோபாலபுரம்

ஒன்பதாம் அத்தியாயம். உழைத்து விழுந்த பாக்ஸரை ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி வண்டியில் ஏற்றுகிறார்கள், மற்ற மிருகங்கள் சுற்றி நின்று வழியனுப்புகின்றன. பெஞ்சமின் கழுதைதான் கத்திக்கொண்டு ஓடிவந்து வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பார்க்கச் சொல்கிறது. அது குதிரைகளை அறுக்கிறவனின் வண்டி.

போன வருடம் எங்கள் ஊரில் இதை வாசித்தேன். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து நம் பக்கம் மாடு ஏற்றி வருகிற லாரி டிரைவர் ஒருவர் பின் பெஞ்சில் இருந்தார். முடிந்ததும் எழுந்து, “அந்தக் கழுதைக்கு முதல்லேர்ந்தே படிக்கத் தெரியும்ல? சுவத்துல மாத்தி மாத்தி எழுதினப்பல்லாம் அது எங்க போயிருந்துச்சு?” என்று கேட்டார். அரை மணி நேரம் அதைத்தான் பேசினோம்.