பத்திரச் செலவை அரசாங்கம் தருமா?

கேள்வி: மத்திய அரசு ஊழியன் நான். சேலத்திலிருந்து கோவைக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 62,200 ரூபாய். சரவணம்பட்டியில் 65 லட்சத்துக்கு வீடு பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மாற்றலில் வந்தால் வீடு வாங்கும் செலவை அரசே தரும் என்கிறார், அமெரிக்க அரசு வேலையில் இருக்கும் மச்சான். அதை நம்பி மனைவியின் நகையை வைத்துப் பத்திரம் முடிக்கலாமா? சேலத்தில் சைட் வாங்க வைத்த 3 லட்சம் நகைக்கடன் நாலு வருஷமாக ஓடுகிறது. வட்டியைக் கட்டித் திருப்பி வைத்து வருகிறேன்.

பதில்: மச்சான் பொய் சொல்லவில்லை. அங்கே மத்திய அரசு ஊழியரை அரசே இடம் மாற்றினால், புது வீட்டின் பதிவு, வக்கீல் செலவுகளை வீட்டு விலையில் 5 சதவீதம் வரை கேட்டு வாங்கலாம். கடன் வட்டி, காப்பீடு அதில் சேராது. ஒரு வருஷமாவது வேலையில் இருப்பேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டும். ஆனால் அது அவருடைய அரசாங்கம்.

உங்களுக்குக் கிடைப்பது பயணப்படி, சாமான் ஏற்றி வந்த லாரிச் செலவு, அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மாற்றல் மானியம். கிட்டத்தட்ட 50,000 ரூபாய். வாடகை வீட்டு அட்வான்ஸுக்கும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்குமே அது பத்தாது. பத்திரச் செலவோ முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 5.85 லட்சம். அதைத் திருப்பித் தர உங்கள் விதியில் இடமே இல்லை.

எனக்குக் கவலை அந்தப் பழைய நகைக்கடன்தான். வருஷா வருஷம் கவுன்டரில் வட்டியைக் கட்டி, புதுச் சீட்டு வாங்கிக்கொண்டு, அதே நகைப் பையை மறுபடி முத்திரை வைத்து உள்ளே அனுப்பிவிட்டு வருகிறீர்கள். 9 சதவீதம் என்றே வைப்போம்: வருஷம் 27,000, நாலு வருஷத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். அசல் ஒரு ரூபாய் குறையவில்லை. இப்போது இன்னும் 5.85 லட்சம் சேர்த்தால் வட்டி மட்டுமே வருஷத்துக்கு 80,000. வீட்டுக்கடன் தவணை தனி. அடுத்த மாற்றலில் அந்த ஊரிலும் ஒரு சைட் பார்ப்பீர்கள், இல்லையா?

சேலம் சைட்டை விற்றுவிடுங்கள். மண்ணை விற்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சடைத்துக்கொள்வார்கள். வட்டி கட்டப்போவது அவர்கள் அல்ல. 24 மாதம் தாண்டிவிட்டதால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. அதை ஒதுக்கிவிட்டு முதலில் நகையை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், மிச்சத்தைப் பத்திரத்துக்கு வையுங்கள். சைட் உடனே கை மாறாது. அதனால் கிரயத்துக்கு இரண்டு மூன்று மாதம் கூடுதல் அவகாசம் கேட்டு உடன்படிக்கையில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், ஆபீஸில் வீடு கட்டும் முன்பணம் கேட்டீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம், எது குறைவோ அது. உங்கள் கணக்கில் சுமார் 21 லட்சம். அதற்குத் தனி வட்டிதான், கூட்டு வட்டி கிடையாது. கிரயம் முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். மீதிக்கு வங்கிக்குப் போகும்போது, கடனோடு சேர்த்து ஒரே பிரீமியத்தில் ஒரு காப்பீட்டை நீட்டுவார்கள். அந்தப் பிரீமியத்தையும் கடனிலேயே ஏற்றி, அதற்கும் வட்டி போடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியில் சாதாரண டேர்ம் பாலிசி, அதாவது உயிருக்கு மட்டும் காப்பு தரும் காப்பீடு, எடுங்கள்.