கட்டி வலிக்காதபோது மார்பகப் பரிசோதனை எதற்கு?

திருப்பூர்க்காரர் ஒருவர் கேட்டது: "அம்மாவுக்கு வயது 52, ஒரு தொந்தரவும் இல்லை. மார்பகப் பரிசோதனை அவசியமா?"

அவசியம். மார்பகப் புற்றுநோயின் ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது, சிக்கலே அதுதான். கைக்குத் தட்டுப்பட்டாலும் "வலி இல்லீங்க, நோம்பி முடியட்டும்" என்று தள்ளிப்போடுவார்கள். பனியன் கம்பெனியில் லீவு போட்டால் அன்றைய கூலியும் போச்சே!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30-49 வயது இந்தியப் பெண்களில் இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை. பிறகு நோய் முற்றித்தானே தெரியவரும்?

மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மும்பையில் 1998இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால்தான் சோதித்தார்கள். நோய் முன்கூட்டியே பிடிபட்டது. 50 வயது தாண்டியவர்களிடம் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். சந்தேகம் என்றால் மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.