கேள்வி – பதில்: கனடா வால்வு அம்பிளிபயர் இங்கே ஏன் இரைகிறது?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, தான் பாவித்த வால்வு (கண்ணாடிக் குழாய்) பேஸ் அம்பிளிபயரை அனுப்பியிருக்கிறார். 120 வோல்ற் ஸ்டெப் டவுன் பெட்டியில் போட்டு வாசிக்கிறோம். அங்கே சத்தமே இல்லையாம்; இங்கே ஓயாத இரைச்சல். வால்வு மாற்றவேண்டுமா? – வாசகர், கோண்டாவில்

பதில்: வால்வுக்குக் காசு செலவழிக்க முதல் இரைச்சலின் சுருதியைப் பிடியுங்கள். அதற்கு உங்கள் பேஸ் கிற்றாரே போதும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சுருதி சேர்த்த பேஸில் ஈ தந்தியின் 3ஆவது பிரெற் 49 ஹேர்ட்ஸ், திறந்த ஜீ தந்தி 98. இரைச்சல் முதலாவதை விடக் கொஞ்சம் ஏறி நின்றால் 50. ஜீ தந்திக்குச் சற்று மேலே நின்றால் 100. (அமெரிக்கக் கைந்நூல்களில் வரும் 60, 120 எல்லாம் அந்த நாட்டுக் கணக்கு.)

உங்களுடையது 100 ஆக இருக்கும் என்பதே எங்கள் சந்தேகம். மின்சாரத்தைச் சீராக்கி வடிகட்டும் கபாசிற்றர்கள் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் நிரம்புவதால், கனடாவில் நொடிக்கு 120 தரம் நிரம்பும். இங்கே 100 தரம்தான். அதே கபாசிற்றரில் அலைவு ஏறத்தாழ 20 வீதம் கூடும். அங்கே சமாளித்துக்கொண்டிருந்த பழைய கபாசிற்றர் இங்கே காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். புதியவற்றின் வோல்ற் அளவு பழையவற்றைவிடக் குறையக்கூடாது. மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் ரெக்ரிபயர் ஜீஇசட் 34 போன்ற வால்வாக இருந்தால் முதல் கபாசிற்றர் 60 மைக்ரோபராட்டைத் தாண்டக்கூடாது. கபாசிற்றர்கள் நல்லவை என்றால், கடைசி இரண்டு பவர் வால்வுகளும் ஒரே அளவு மின்னோட்டம் எடுக்கின்றனவா என்று பாருங்கள். சோடி பிசகினாலும் இதே 100தான் கேட்கும்.

50 என்றால் முதலில் கிற்றார் வயரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் குற்றம் வயரில் அல்லது பிக்கப்பில். நிற்காவிட்டால் வொலியூமைப் பூச்சியமாக்குங்கள். அப்போது அடங்கினால் குற்றம் முன்பகுதியில். நிறுத்தி, ஆறவிட்டு, உள்ளீட்டுப் பக்கமிருந்து 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுப் பாருங்கள். எதை எடுத்ததும் இரைச்சல் போகிறதோ, அந்த வால்வோ அதற்கு முன்னுள்ளதோதான் காரணம். ஸ்பீக்கர் இணைப்பை மட்டும் ஒருபோதும் கழற்றவேண்டாம், அவுட்புட் நிலைமாற்றி (டிரான்ஸ்போமர்) எரிந்துவிடும்.

ஸ்டெப் டவுன் பெட்டியையும் விட்டுவிடாதீர்கள். பலவற்றில் ஏர்த் உள்ளே தொடர்வதே இல்லை. எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பெட்டிப் பிளக்கின் ஏர்த் முனைக்கும் அம்பிளிபயரின் உலோகச் சட்டத்துக்கும் இடையே மீற்றர் வையுங்கள். 1 ஓமுக்குக் கீழ் காட்டவேண்டும். அம்பிளிபயரின் பின்பலகையில் '60 ஹேர்ட்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால், 120 வோல்ற் சரியாகக் கொடுத்தாலும் உள்ளிருக்கும் நிலைமாற்றி கூடச் சூடாகும், அதுவே உறுமும். ஸ்பீக்கரில் அல்லாமல் அம்பிளிபயரின் உடலிலிருந்தே வரும் உறுமல் அது. '50/60' என்றிருந்தால் கவலையில்லை.

உள்ளே கை வைக்க முதல்: பிளக்கைக் கழற்றிய பிறகும் கபாசிற்றர்களில் 400–500 வோல்ற் நிற்கலாம். 10 கிலோ ஓம், 10 வாற் தடையியைக் காப்பிட்ட கிளிப் வயரோடு, கபாசிற்றரின் பிளஸ் முனைக்கும் சட்டத்துக்கும் இடையே அரை நிமிடம் இணைத்து வடியவிட்டு, மீற்றரில் 10 வோல்றுக்குக் கீழ் வந்ததைக் கண்ட பிறகே தொடுங்கள். இதில் பழக்கமில்லாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: திருவிழா மேடையில் மிக்சருக்கு வயர் கொடுத்ததும் இரைகிறது. அம்பிளிபயரின் ஏர்த்தைக் கழற்றினால் நிற்கிறது. அப்படியே விடலாமா? – வாசகர், பருத்தித்துறை

பதில்: கூடாது. உள்ளே ஒரு வயர் சட்டத்தில் பட்டால் உங்கள் கையில் தந்தி, வாயருகே மைக். மின்சாரம் உங்களூடாகப் போகும். இரைச்சலுக்குக் காரணம் ஏர்த் இரண்டு வழியால் சுற்றுவது. அம்பிளிபயரையும் மிக்சரையும் ஒரே எக்ஸ்ரென்சனில் போடுங்கள். அடங்காவிட்டால் மிக்சருக்குப் போகும் வயரில் நிலைமாற்றியுள்ள டீஐ பெட்டி (ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி கொடுக்கும் சின்னப் பெட்டி) வைத்து, ஒலி வயரின் ஏர்த்தை மட்டும் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிப்ட் சுவிட்சைப் போடுங்கள்.

கேள்வி: எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சத்தம் வருகிறது. – வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: கடற்காற்று படும் ஊர் என்பதால் முதலில் வால்வுச் சொக்கற்றுகள். நிறுத்தி, ஆறவிட்டு, கொன்ராக்ட் கிளீனர் அடித்து, ஒவ்வொரு வால்வையும் நான்கைந்து தரம் செருகி எடுங்கள். பிறகும் பொரிந்தால் 12ஏஎக்ஸ்7இன் பிளேற்றுக்குப் போகும் 100 கிலோ ஓம் கார்பன் தடையிகளை மெற்றல் பிலிம் வகைக்கு மாற்றுங்கள், 1 வாற் போதும். பொரியாமல், காய்ந்த மூங்கில் குச்சியால் தட்டும்போது மணிபோல் ஒலிக்கும் வால்வு வேறு சங்கதி. அதைப் பின்னாலுள்ள அதே இலக்க வால்வோடு இடம் மாற்றினாலே பெரும்பாலும் அடங்கும்.