டீச்சரைக் கேளுங்கள்: பிள்ளைகளோடு மலை இறங்கும் நாள்

கீழே இருப்பவர்கள் குளிரைத் தேடி மேலே வருகிறார்கள். மேலே இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கோ கீழே போய் ராட்டினம் சுற்றணும், தண்ணீரில் குதிக்கணும். பள்ளிச் சுற்றுலாவுக்கு வாண்டுகளைத் தீம் பார்க் கூட்டிப்போன கதையைச் சென்ற இதழில் ரெண்டு வரி எழுதினேன். அவ்வளவுதான், நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை வேறு பேச்சே கிடையாது.

டீச்சர், என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறார். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. ஊரையெல்லாம் சுற்றிக் காட்டுகிறவர் எங்களை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் தண்ணீர்ப் பார்க்குக்காவது ஒரு நாள் போய்வர ஆசை. மே மாதம் அவருக்கு ஓய்வே கிடையாது. எப்போது போகலாம், எதையெல்லாம் பார்த்துக்கொள்ளணும்?
– ஒரு வாசகி, குன்னூர்

மே மாதம் போக முடியாதது நல்லதுதான். அப்போது கீழே வெயில் கொளுத்தும், பார்க்கில் நிற்க இடமிருக்காது, சீசனுக்கு ஒருவழிப் பாதை போட்டுவிட்டால் இறங்குவதற்குக் கோத்தகிரி சுற்ற வேண்டிவரும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் பக்கம் மழை. மேட்டுப்பாளையம் இறங்கும் பர்லியார் ரோட்டில் மண் சரிவதும் மரம் விழுவதும் உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், பொங்கல் கூட்டம் ஓய்ந்தபின் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் நமக்கான காலம். சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாயோ புதனோ போங்கள். மகளுக்கு ஒரு நாள் லீவு லெட்டர் எழுதிக் கொடுங்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. நானே சொன்னதாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரோடு. குன்னூர் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் இறங்குகிறீர்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி வீதம் கணக்குப் போட்டால், ரோடு முடியும் இடத்தில் பத்து டிகிரி வரை சூடு கூடியிருக்கும். ஸ்வெட்டரோடு ஏற்றிய பிள்ளைகளுக்குப் பர்லியார் தாண்டியதும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

வாந்தி உங்கள் மகனைவிட மகளுக்கு வரத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டு வயதுக்கு மேல் மெல்லத் தொடங்கும் இந்தத் தொல்லை, ஆறேழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை தூக்கலாக இருக்கும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘வளைகிறோம், வளைகிறோம்’ என்கிறது. போனையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘அப்படி ஒன்றும் இல்லையே’ என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு புரட்டிவிடும். ஆகவே மலை இறங்கும்வரை பிள்ளை கையில் போன் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டப் பாலும் ஆகாது. கிளம்பும்போது ஒரு ஊட்டி வர்க்கி பிஸ்கட், ரெண்டு வாய் வெந்நீர் போதும். இட்லியை மேட்டுப்பாளையத்தில் சாப்பிடலாம். காது அடைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கச் சொல்லுங்கள், விட்டுவிடும். பிளாஸ்டிக் கவர் நம் மாவட்டத்தில் கிடையாது என்பதால், எங்கள் சுற்றுலா பஸ்ஸில் மூடி போட்ட பழைய பால்பவுடர் டப்பாக்களை வைத்திருப்போம். நாலு டப்பா, உள்ளே கொஞ்சம் செய்தித்தாள். முடிந்ததும் மூடியை அழுத்திவிட்டால் பக்கத்து சீட்டுக்கு வாடை போகாது, அங்கே இருப்பவனும் வாந்தி எடுக்காமல் இருப்பான். இன்னொன்று, வண்டி ஓட்டுகிறவருக்குக் குமட்டுவது அபூர்வம். வளைவு வருவது அவர் உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ‘இன்னிக்கு சவாரி இல்லை, மெதுவா இறங்குங்க’ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பார்க் திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருங்கள். முதலில் தண்ணீர் இல்லாத குட்டி ராட்டினங்கள், வெயில் ஏறிய பிறகு சின்னப் பிள்ளைகளுக்கான ஆழமில்லாத குளம், அப்புறம் சாப்பாடு. வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலான பார்க்குகள் உள்ளே விடுவதில்லை. கைக்குழந்தை உணவு என்றால் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள், எதற்கும் முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள். தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தி உடை ஆகாது, நைலான் மாதிரித் துணிதான் கேட்பார்கள். அங்கே வாடகைக்கு எடுப்பதற்குப் பதில் மேட்டுப்பாளையம் கடைவீதியிலேயே வாங்கிவிடலாம். நிறம் மட்டும் பார்த்து வாங்குங்கள். குளத்தின் தரை நீலம், தண்ணீரும் நீலமாகத்தான் தெரியும். அதில் நீலமும் வெள்ளையும் உடுத்திய பிள்ளை கண்ணுக்குத் தட்டுப்படாது. பளீரென்ற ஆரஞ்சு என்றால் ஐம்பது தலைகளுக்கு நடுவிலும் சட்டென்று தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கு எப்போதும் ஆரஞ்சு ரிப்பன்தான்.

தண்ணீரில் இருக்கும்போது பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கணும், கண் எட்டும் தூரம் போதாது. முழுகும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தமே இல்லாமல் போய்விடும். காற்றடைத்த கைவளையங்களை நம்பி விட்டுவிடாதீர்கள்.

பகல் மூன்று மணிக்குக் கிளம்பிவிடுங்கள். ‘கொடுத்த காசு வசூலாகலையே’ என்று வீட்டுக்காரர் முனகுவார், முனகட்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு மதியத் தூக்கம் தப்பினால், அதற்குப் பிறகு ஏறுகிற ராட்டினமெல்லாம் அழுகைக்குத்தான். தவிர, பொழுது சாய்ந்தால் கல்லாறு, பர்லியார் பக்கம் யானை ரோட்டுக்கு வரும். இன்னொரு விஷயம் மலைக்காரர்களுக்கே உரியது: ஈரத்தலையோடு வண்டியில் தூங்கும் பிள்ளை ஒரு மணி நேரத்தில் குளிருக்குள் போய்விடும். தலையை நன்றாகத் துவட்டி, ஸ்வெட்டரையும் குல்லாவையும் டிக்கியில் அடியில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பேரனுக்கு இரண்டு வயது. தண்ணீர்ப் பார்க்குக்குக் கூட்டிப்போயே ஆகணும் என்கிறாள் மருமகள். சளி பிடிக்கும் என்றால் கேட்பதில்லை. நீங்களாவது புத்தி சொல்லுங்கள், டீச்சர்.
– ஒரு பாட்டி, கோத்தகிரி

அம்மா, உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மருமகள் பக்கமும் இருக்கிறது. சளி வருவது கிருமியால், தண்ணீரால் அல்ல. ஆனால் இரண்டு வயது உடம்பு நம்மைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி வெயிலில் வைக்கணும். உதடு நீலம் பாரித்தாலோ தாடை நடுங்கினாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அதைக் கவனிக்க உங்களைவிட யார் பொருத்தம்? கூடவே போங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் மட்டும் குளத்துப் பக்கமே விடாதீர்கள், மற்றப் பிள்ளைகளுக்கும் பரவும். குளோரின் எல்லாக் கிருமியையும் உடனே கொன்றுவிடாது.

மருமகளோடு நடக்கும் மற்ற வழக்குகளை இங்கே எடுக்க முடியாது, இடம் இல்லை.

கூடலூரிலிருந்து மைசூர் பக்கம்தான். ஜி.ஆர்.எஸ். ஃபேன்டசி பார்க்குக்குக் காலையில் போய் இரவு திரும்பலாமா? ஐந்து வயதுப் பெண்ணும் பத்து மாதக் குழந்தையும் இருக்கிறார்கள். பெரிய ரைடில் நானும் மனைவியும் ஏற ஆசை.
– ஒரு வாசகர், கூடலூர்

போகலாம், ஆனால் கடிகாரம் உங்கள் கையில் இல்லை. வழியில் வரும் பந்திப்பூர் காட்டு ரோடு இரவு 9 மணிக்கு அடைத்தால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். எட்டே முக்காலுக்குச் செக்போஸ்ட்டைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, மைசூர் நெரிசலில் மாட்டிக்கொண்டு, குண்டலுப்பேட்டையில் ரூம் தேடிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஐந்து மணிக்கே பார்க்கை விட்டு வெளியே வந்துவிடுங்கள். உங்கள் வண்டி நீலகிரிப் பதிவு என்றால் திரும்பும்போது இ-பாஸ் (மாவட்டத்துக்குள் வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) கேள்வி வராது. கோவை மச்சானின் காரை இரவல் வாங்கிப் போனால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம்.

ரைடு விஷயம்: வெளிநாட்டுப் பெரிய பார்க்குகளில் ஒருவர் ஏறி இறங்கும்வரை மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, மறுபடி வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ள ஏற்பாடு உண்டு. நம் பக்கம் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கூட்டம் இல்லாத நாளில் வாசலில் நிற்கும் பையனிடம் சிரித்துக் கேட்டால் பெரும்பாலும் விடுவான். மகளுக்கு டிக்கெட் எடுக்கும் முன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். நிறைய இடங்களில் பிள்ளை டிக்கெட் வயதைப் பார்த்தல்ல, உயரத்தைப் பார்த்துத்தான். ஐந்து வயதுப் பெண்ணின் சராசரி உயரம் 109 செ.மீ. என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணை. பெரிய ரைடுகளின் கோடு 120, 140 என்று இருக்கும். வாசல் வரை போய் ‘நீ ஏற முடியாது’ என்று கேட்கும் முகத்தைப் பார்ப்பது கொடுமை. முன்னாலேயே சொல்லிவிட்டால் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

எனக்கு ஹோட்டலில் வேலை. மகனுக்கு நாலரை வயது. குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கொள்வான். மதுரை அதிசயம் பார்க்குக்கு இந்த வருடம் போகலாம் என்று நினைக்கிறேன். ‘ஆம்பளைப் பையன், தூக்கித் தண்ணியில போட்டா பயம் தெளிஞ்சிடும்’ என்கிறார் என் அண்ணன். செய்யலாமா? செலவும் கையைக் கடிக்கக் கூடாது.
– ஒரு தகப்பனார், கொடைக்கானல்

தூக்கிப் போடாதீர்கள், தம்பி. அண்ணனை வேண்டுமானால் போடுங்கள்.

ஒருமுறை சுற்றுலாவில் அலைக்குளத்து ஓரம் நின்றிருந்தோம். அலை கிளம்பும் முன் சங்கு ஊதுவார்கள். அதைக் கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் ‘ஓ’வென்று உள்ளே ஓட, ஒருத்தன் மட்டும் என் புடவைக் கொசுவத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவனுக்குப் பயம் தண்ணீர் மேல் இல்லை, சங்கின் மேல். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கணுக்கால் நனையும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டாவது சங்குக்குக் காதை மட்டும் பொத்தினான். அடுத்த சங்கு ஊதுவதற்குள் அவனே ‘மிஸ், இப்போ ஊதுவாங்க’ என்று எனக்கு எச்சரிக்கை செய்தான். கடைசிவரை முழங்காலுக்கு மேல் போகவில்லை. அதனால் என்ன? வீட்டில் போய் ‘அலையில் விளையாடினேன்’ என்றுதான் சொன்னானாம்.

என்ன சத்தம் எப்போது வரும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். போகும் முன் ஏரியில் ஒருமுறை படகு ஏற்றுங்கள். கோயில் திருவிழாவில் குட்டி ராட்டினம் வந்தால் முதலில் பார்க்க மட்டும் விடுங்கள். பார்க்கில் வேஷம் போட்ட பொம்மை மனிதர்கள் கைகுலுக்க வந்தால் நீங்கள் முதலில் குலுக்குங்கள். அவன் உங்கள் காலுக்குப் பின்னால் நின்று பார்க்கட்டும். போட்டோவுக்காக முன்னால் தள்ள வேண்டாம்.

செலவுக்கு வருவோம். நுழைவுக் கட்டணத்தை மட்டும் கணக்கில் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். லாக்கர், வாடகை உடை, உள்ளே விற்கும் ஐஸ்கிரீம் எல்லாம் தனி. வார நாள் டிக்கெட் மலிவாக இருக்குமா என்று கேளுங்கள். கொடைக்கானலிலிருந்து மதுரை 120 கி.மீ. பக்கம், அதில் கிட்டத்தட்டப் பாதி மலை ரோடு. ஒரே நாளில் போய்வர நாலரை வயதுப் பிள்ளையால் ஆகாது. முதல் நாள் சாயங்காலமே இறங்கி, வத்தலக்குண்டிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். வழியில் டம்டம் பாறையில் கொஞ்சம் நிறுத்திக் காற்று வாங்க விடுங்கள். குளிரில் வளர்ந்த உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், ஒரு நாளில் பழகாது. தாகம் என்று அவன் கேட்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஓ.ஆர்.எஸ். ரெண்டு பாக்கெட் பையில் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்டதாகப் பார்த்து, மருந்துக்கடையில் வாங்குங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்கணும், குறைத்துக் கலக்கக் கூடாது.

டீச்சர், எனக்கு ஏழு வயசு. 118 செ.மீ. இருக்கேன். 120 இருந்தாத்தான் ரோலர் கோஸ்டர்ல விடுவாங்களாம். அக்காவோட ஹீல்ஸ் போட்டுட்டுப் போலாமா?
– ஒரு மாணவன், வெலிங்டன்

செருப்பைக் கழற்றச் சொல்லித்தான் அளப்பார்கள், கண்ணா. முடியைத் தூக்கிச் சீவினாலும் மேலே பலகையை வைத்து அழுத்திவிடுவார்கள். மடி மேல் வந்து பூட்டும் அந்தக் கம்பி, 120 செ.மீ. உடம்பைப் பிடிக்கிற மாதிரி செய்தது. சின்ன உடம்பு அதன் அடியில் வழுக்கிவிடும், அதனால்தான் விட மாட்டேன் என்கிறார்கள். உன் வயதில் வருடத்துக்கு ஐந்தாறு செ.மீ. வளரும். இரண்டு செ.மீ.க்கு நாலைந்து மாதம் ஆகும், அவ்வளவுதான். கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வை. கோட்டைத் தாண்டியதும் முதலில் எனக்கு எழுது, அப்புறம் அப்பாவிடம் கேள். ஹீல்ஸை அக்காவிடம் கொடுத்துவிடு.