வற்றாப்பளை வரை

அன்புள்ள ஐயா,

கனடாவில் பிறந்து வளர்ந்தவன் நான். அம்மாவின் ஊர் கரவெட்டி. இந்த ஆண்டு கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போக நினைக்கிறேன். இரண்டு வாரம்தான் விடுப்பு. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் வரையான முதல் கட்டம் வெறும் மணலும் வெயிலும்தான், கிழக்கே காட்டோரத்து உகந்தை முருகன் கோயிலில் சேர்ந்து காட்டுவழி நடந்தால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். சரியா? எப்படிப்பட்ட காலணி வேண்டும்? போரில் எல்லாம் இழந்த மக்களுக்கு நான் சுமையாக இருக்கக் கூடாது. என் உணவை நானே கொண்டுவருவேன். யாராவது எதையாவது கொடுத்தால் பணம் கொடுத்துவிடுவேன்.

ச., ஸ்கார்பரோ

அன்புள்ள தம்பி,

காலணியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். வெறுங்காலோடு நடப்பவர்களும் ரப்பர் செருப்போடு நடப்பவர்களும் ஒன்றாகத்தான் போய்ச் சேருகிறார்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. சில காலமாகவே இதை எழுத வேண்டும் என்றிருந்தேன்.

சுமையாக இருக்கக் கூடாது என்கிறீர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் அந்த நல்ல மனதுக்குள் எவ்வளவு ஆணவம் இருக்கிறது! கொடுப்பவன் நான், வாங்குபவர்கள் அவர்கள் என்று டொரொன்டோவிலேயே தீர்மானித்துவிட்டு விமானம் ஏறப்போகிறீர்கள்.

யாத்திரை எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். தொண்டைமானாற்றங்கரையில் இருக்கும் அந்த முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்று பெயர். மந்திரம் இல்லை, பூசகர் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். கதிர்காமத்திலும் அப்படித்தான். கோயிலைச் சுற்றி மடங்கள். வந்தவரை யார் எவர் என்று கேட்காமல் இலை போடுவார்கள். அங்கே சாப்பிட்டுவிட்டுப் புறப்படுகிறவன் ஊர் ஊராகக் கையேந்தியே போக வேண்டும். யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமிகள் 1910இல் யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே போனார். அவர் கையில் கடன் அட்டையா இருந்தது?

கடலை இடப்பக்கம் வைத்து, தீவையே வலம் வருவதுபோல நடக்கிறோம். பருத்தித்துறையைத் தாண்டி வல்லிபுர ஆழ்வாரை வணங்கினால் அப்பால் மணற்காடு. மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் அங்கே நிற்கின்றன. பிறகு குடத்தனை, நாகர்கோவில், கட்டைக்காடு, சுண்டிக்குளம். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்த கரை அது. 2009 வரை போர் மிச்சம் மீதியையும் தின்றது. இந்த வழியில் கத்தோலிக்க வீடுகளும் உண்டு. நாங்கள் ஏந்திவரும் வேலாயுதத்தைக் கண்டதும் தண்ணீர்ச் செம்போடு படலைக்கு ஓடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மக்கள் மீளக் குடியேறிய புதிதில் நாங்கள் நடந்தபோது, ஒரு தகரக் கொட்டிலின் முன்னால் ஒரு அம்மா எங்களை மறித்தார். பயற்றங்கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார். எங்களோடு வந்த இளைஞர் ஒருவர், உங்களைப் போலவே நல்லவர், குடித்து முடித்ததும் ஆயிரம் ரூபாய்த் தாளை அவர் கையில் திணித்தார். அம்மா கோபப்படவில்லை. தாளை நான்காக மடித்து அவருடைய பைக்குள்ளேயே திருப்பி வைத்தார். பிறகு தலைப்பில் முடிந்திருந்த ஒரு நாணயத்தை அவிழ்த்தார். மஞ்சள் துணியில் சுற்றிய நேர்த்திக்காசு. காணாமற்போன மகனுக்காக அதைக் கதிர்காமத்து உண்டியலில் போட வேண்டும், தன்னால் நடக்க முடியாது, முழங்கால் போய்விட்டது என்றார். அந்த இளைஞருக்குச் சாமி என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், அங்கே யார் யாருக்குச் சுமை? அவருடைய கஞ்சியில்தான் எங்கள் கால்கள் நடந்தன. அவர் போக முடியாத தூரத்தை அந்தக் கால்களால் அவரும் போனார். உங்கள் பையில் சத்துக்கட்டிகளை நிரப்பிக்கொண்டு, வேண்டாம் அம்மா, என்னிடம் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டு கடந்தால், அந்த நாணயத்தை அவர் யாரிடம் கொடுப்பார்? எல்லாம் பறிபோனவரிடம் கொடுக்கும் உரிமை ஒன்றாவது மிஞ்சியிருக்கட்டும். அதையும் இரக்கத்தின் பெயரால் நீங்கள் பறிக்க வேண்டாம். உதவ வேண்டும் என்றால், திரும்பி வந்த பிறகு ஒரு பிள்ளையின் படிப்புக்கு மாதாமாதம் அனுப்புங்கள். கஞ்சிக்கு விலை வைக்காதீர்கள்.

உகந்தையைக் குறை சொல்லவில்லை. குமண, யால காடுகள் வழியே மாணிக்க கங்கை வரை நடப்பது பெரிய அனுபவம். அதை அநேகமாக எல்லோரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் காட்டில் யானை இருக்கும், கஞ்சியோடு மறிக்கிற அம்மா இருக்கமாட்டார். 1983க்குப் பிறகு வடக்கிலிருந்து நடக்க முடியாமல் போன ஆண்டுகளில் இந்தக் கரையோர வீடுகள் எத்தனை வைகாசி வெறும் வாசலைப் பார்த்திருக்கும் என்று யோசியுங்கள்.

இரண்டு வாரம்தான் என்றால் சந்நிதியிலிருந்து தொடங்குங்கள். போரின் கடைசி நாட்களில் மக்கள் கடந்துவந்த வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு நடங்கள். கடல்நீரில் விளக்கெரியும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் பொங்கலைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புங்கள். மற்றக் கட்டங்களுக்கு மற்ற ஆண்டுகள் இருக்கின்றன. விடுப்பை ஆடிக்குக் கேட்காமல் வைகாசிக்குக் கேளுங்கள். வழியில் உங்களிடம் தருகிற நேர்த்திக்காசுகளை, கதிர்காமம் வரை போகிற சாமி ஒருவரிடம் கணக்குச் சொல்லி ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.