கோவையில் மூடிக் கிடக்கும் மில்களையும் ரயில்களையும் படம் எடுத்தால் யாராவது தடுப்பார்களா?

ரயில்வே பக்கம் எனக்குப் பெரிய தொந்தரவு வந்ததில்லை. மில் வாசலில்தான் விசாரணை நடக்கும். நீங்கள் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பும் ஆள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மத்திய அரசின் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக நிறுத்தப்பட்டன. கோவையில் மட்டும் ஐந்து: பங்கஜா, கம்போடியா, ரங்கவிலாஸ், முருகன், அப்புறம் 1888-இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில். ஊரடங்கு போனது, மில் சங்கு பழையபடி ஊதவில்லை. வெளியூர்க்காரருக்கு இது 'பழைய கட்டடம்'. வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது இன்னும் முடியாத வழக்கு. அதனால் கேமராவோடு யார் வந்தாலும் அவர் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: இடத்தை விற்கப் போகிறார்களா?

மேட்டுப்பாளையம் ரயில் லைன் பக்கம் ஒரு மில்லின் மதிலோரம் நான் நின்றபோது நடந்ததும் அதுதான். நாலைந்து பெரியவர்கள் எழுந்து வந்தார்கள். "ஏனுங்க தம்பி, அளக்க வந்தீங்களா?" ரயில் எடுக்க வந்தேன் என்றேன். "ரயில் புடிக்கறவருக்கு மில்லுகிட்ட என்னங்க வேலை?" நியாயமான கேள்வி. கேமராவிலேயே பழைய படங்களைக் காட்டினேன். ஒருவர் ரயிலைப் பார்க்கவே இல்லை. பின்னால் தெரிந்த கூரையைப் பெரிதாக்கச் சொல்லி, ரம்பப் பல் மாதிரி வரிசையாக இருக்கும் அந்தக் கூரையில் கண்ணாடி ஏன் வடக்கே பார்த்து இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். நேர் வெயில் உள்ளே விழாமல் நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் கிடைக்க வேண்டும், அதற்குத்தான். போட்டோ எடுக்கிற எனக்கு வெளிச்சத்தைப் பற்றிப் பாடம்! இன்னொருவர், நூல் நூற்கும் ஸ்பின்னிங் பகுதியில் நிற்கும்போது மிஷின் இரைச்சலில் வேறு எந்தச் சத்தமும் கேட்காது, ஆனால் நைட் ஷிப்ட்டில் வெளியே வந்து நின்றால் நீலகிரி எக்ஸ்பிரஸ் போவது கேட்கும், ஷிப்ட் முடியப் போகிறது என்று தெரியும் என்றார். அதன் பிறகு எனக்கு அந்த ரயிலைத் தனியாக எடுக்கப் பிடிக்கவில்லை. மதில் வராத படத்தைப் பெரும்பாலும் வைத்துக்கொள்வதும் இல்லை.

ஏழ்மையை அழகாக்குகிறாய், இடிபாட்டைக் காட்டி லைக் வாங்குகிறாய் என்று சொல்ல இங்கே ஆள் இருப்பார்கள், தெரியும். நான் ஆட்களின் முகத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. மதில் ஏறுவதும் இல்லை. கேட்டுக்கு வெளியே பொது ரோட்டில் நின்று எடுப்பேன். வாட்ச்மேன் வேண்டாம் என்றால் கிளம்பிவிடுவேன், அவர் வேலை அவருக்கு. இதற்கு மேல் என்ன செய்ய?

சரி, நிற்கும் இடம். இருகூரிலிருந்து சிங்காநல்லூர், பீளமேடு வழியாக வரும் பாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருக்கிறது; மார்கழி, தை மாதங்களில் வெயில் தெற்கே சாய்ந்திருக்கும், ஆகவே பாதைக்குத் தெற்கே நில்லுங்கள். 1873-இல் போட்ட மேட்டுப்பாளையம் லைன் வடக்கே போவது. காலையில் கிழக்குப் பக்கம். வானத்தைத் தொடும் புகைபோக்கிகளைத் தேடி வந்தால் ஏமாற்றம்தான். இங்கே பல மில்கள் 1930-களில் நீலகிரியின் பைகாராவிலிருந்து நீர்மின்சாரம் வந்த பிறகு எழுந்தவை, கரி எரித்துப் புகை விடத் தேவை இருக்கவில்லை. நீண்ட கூரை, தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள், துருப்பிடித்த கேட், இவைதான் உங்களுக்குக் கிடைக்கும்.

தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடைமேம்பாலத்தில் செல்ஃபி குச்சியை நீட்டுவது அதைவிட மோசம், தண்டவாளத்துக்கு மேலே போகும் மின்கம்பியில் 25,000 வோல்ட். ரீல்ஸ் எடுக்கிறேன் என்று ஸ்லீப்பர் கட்டை மேல் நடக்கும் பையன்களால்தான் ஒழுங்காக நிற்கும் எங்களையும் போலீஸ் முறைக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் மில் படம் ஒன்றை ஒரு பெரிய முகநூல் பக்கம் எடுத்து, ஓரத்தில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு, 'நள்ளிரவில் அலறும் பேய் மில்' என்று போட்டது. பகல் பதினோரு மணிக்கு எடுத்த படம் ஐயா அது! அந்த மில்லில் இருபது முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள் வீட்டிலும் போன் இருக்கிறது, அவர்களும் பார்ப்பார்கள். நீக்கச் சொல்லி எழுதினேன். சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினார்கள். நீங்கள் பெயர் போட்டால் ஓரத்தில் போடாதீர்கள், வெட்ட முடியாதபடி கூரைக்கு நடுவில் போடுங்கள்.